வில்லுகளின் காட்டில் ஓர் இரவு

"சிறுத்தையை எப்போது பார்க்கலாம், அங்கிள்?"

ஹுனுவிலகம நுழைவாயிலில் சீட்டு வாங்கி ஜீப் உள்ளே போவதற்குள் அந்த நான்காம் படிவ மாணவி இதை மூன்று முறை கேட்டுவிட்டாள். ஜூன் மாத விடுமுறையில் சுங்கை பட்டாணியிலிருந்து தாத்தாவுடன் இலங்கைக்கு வந்திருந்தாள். தாத்தா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவருக்குப் பழைய கடற்கரையைப் பார்க்க வேண்டும். அவளுக்குச் சிறுத்தையைப் பார்க்க வேண்டும். இரண்டும் வில்பத்து தேசியப் பூங்காவில் இருந்ததால், சண்டையின்றிப் பயணம் முடிவாயிற்று.

"அதற்கும் மனம் இருந்தால் பார்க்கலாம், மகள்" என்றார் வழிகாட்டி. நாற்பதைத் தாண்டியவர், புத்தளத்தில் குடியிருப்பவர். ஜீப்பையும் அவரே ஓட்டினார்.

வில்பத்து 1,317 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ளது. இலங்கையின் தேசியப் பூங்காக்களில் இதுவே மிகப் பெரியது. வில்லு என்பது இங்குள்ள இயற்கையான நீர்நிலை. மணல் சூழ்ந்த பள்ளத்தில் மழைநீர் தேங்கி ஏரியாகிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, ஜூன் மாதத்தில் சுருங்கத் தொடங்கும். கடலிலிருந்து வெகு தூரம் தள்ளியிருந்தும் சில வில்லுகளின் நீர் உப்புக் கரிக்கும். மலேசியக் காட்டின் ஈரத்திற்குப் பழகிய மாணவிக்கு இந்த வறண்ட காடு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு மரங்கள் விலகின. பரந்த நீர், கரையில் புள்ளிமான்கள், சேற்றில் மரக்கட்டைபோல் கிடந்த முதலை. அவள் கைப்பேசியை எடுத்தாள்.

மாலையில், எதிரே வந்த ஓட்டுநர் ஒருவர் சிறுத்தை படுத்திருக்கும் இடத்தைச் சொன்னார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழெட்டு ஜீப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாத குறையாக நின்றன. வழிகாட்டி தூரத்திலேயே நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார்.

"இன்னும் முன்னால் போங்கள், அங்கிள்!"

"இவ்வளவு வண்டிகள் சூழ்ந்தால் அது எந்தப் பக்கம் போகும், மகள்?"

சிறிது நேரத்தில் சிறுத்தை புதருக்குள் மறைந்துவிட்டது. மற்றவர்கள் படத்தோடு திரும்பினார்கள். அவள் கண்டது வாலின் நுனியை மட்டுமே. விடுதிக்கு வரும்வரை அவள் பேசவில்லை. அத்தனை தூரம் பறந்து வந்தவளுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

அன்றிரவு காட்டுக்குள் இருந்த விடுதியில் தங்கினார்கள். சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் சாப்பிட்டு முற்றத்தில் அமர்ந்தபோது, "இந்தக் காட்டுக்கு முதன்முதலில் எப்போது வந்தீர்கள்?" என்று தாத்தா கேட்டார்.

"1990இல், ஐயா. எனக்கு ஒன்பது வயது. சுற்றிப் பார்க்க வரவில்லை."

அவருடைய ஊர் காட்டுக்கு வடக்கே, சிலாவத்துறைப் பக்கம். அந்த ஆண்டு அக்டோபரில், உள்நாட்டுப் போரின்போது, வட மாகாணத்து முஸ்லிம்கள் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு அவருடைய குடும்பமும் புத்தளத்தை நோக்கிக் கிளம்பியது. உம்மாவின் இடுப்பில் தங்கை. வாப்பாவின் தலையில் ஒரு மூட்டை.

"இந்தக் காட்டு வழியாகத்தான் நடந்தோம். மழைச் சேறு, இருட்டு. சிறுத்தை எங்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டே நடந்தேன்" என்றவர், மாணவியைப் பார்த்துச் சிரித்தார். "இப்போது அதே சிறுத்தையைக் காட்டித்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன்."

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். தொலைவில் ஒரு மான் கத்தியது. போரினால் இந்தப் பூங்கா 1988 முதல் 2003 வரை மூடிக் கிடந்ததையும் அவர் சொன்னார். ஆனால் அவள் கேட்டது வேறு: "உங்கள் தங்கை பயந்தாரா?"

"அவள் தூங்கிவிட்டாள், மகள்."

மறுநாள் மேற்கே நீண்ட தூரம் ஓடி, நண்பகலுக்குமுன் குதிரைமலை முனையை அடைந்தார்கள். மலை என்றாலும், கடலை ஒட்டிய செம்மண் மேடுதான். தாத்தா இளைஞர்போல் இறங்கினார். சுமார் 2,000 ஆண்டுகளுக்குமுன், பருவக்காற்றில் சிக்கிய ரோமானியக் கப்பல் ஒன்று இத்தீவின் ஹிப்புரோஸ் என்னும் துறைமுகத்தில் ஒதுங்கியதாக ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. அந்தத் துறைமுகம் குதிரைமலையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தாத்தா செம்மண்ணை அள்ளிப் பேத்தியின் கையில் வைத்தார். விஜயனின் ஆட்கள் தரையில் கையூன்றியதும் உள்ளங்கை செம்பு நிறமானதாக மகாவம்சம் கூறும் கதையையும் சொன்னார்.

வழிகாட்டி வடக்கே கைநீட்டினார். "அந்தப் பக்கம்தான் முத்துக்குளித்த கடல்." காலில் கல்லைக் கட்டி, மூச்சடக்கி மூழ்கியவர்களில் பலர் தமிழகக் கரையிலிருந்து வந்தவர்கள். அந்தத் தொழிலை மேற்பார்வையிட, பிரிட்டிஷ் ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் அரிப்பு என்ற ஊரில் ஒரு மாளிகை கட்டினார். மக்கள் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். கடல் கரையை அரிக்க அரிக்க, மாளிகையும் சிறிது சிறிதாக இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது.

"உங்கள் ஊரும் அங்கேதானா? திரும்பிப் போகவில்லையா?" என்று மாணவி கேட்டாள்.

"வாப்பா போய்விட்டார். வீடு இருந்த இடத்தில் காடு வளர்ந்திருந்தது. கிணறு மட்டும் மிச்சம். அதைத் தூர்வாரி, பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டார். என்னையும் வரச் சொல்கிறார். என் பிள்ளைகளுக்குப் புத்தளம்தான் ஊர். அவர்களை விட்டு நான் எப்படிப் போவேன்?"

தாத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பேசாமல் இருந்துவிட்டார். மாணவி வடக்குக் கரையை ஒரு படம் எடுத்தாள். அதில் மணலும் கடலும் தவிர வேறொன்றும் இல்லை.

திரும்பும் வழியில் வழிகாட்டி சட்டென்று வண்டியை நிறுத்தினார். காலையில் அவர்கள் ஜீப் பதித்துச் சென்ற சக்கரத் தடத்தின்மேல், மணலில் தெளிவாக, சிறுத்தையின் காலடிகள்.

"இறங்கிப் பார்க்கலாமா, அங்கிள்?"

"இறங்கக் கூடாது, மகள். இங்கிருந்தே பாருங்கள்."

மாலை ஆறு மணிக்குள் வாயிலைக் கடக்க வேண்டும். ஆனாலும் அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.