பதினோராம் எண்

லினக்ஸ் கணினித் திரையின் விளிம்பில் நிலைப்பட்டை அமைப்பதற்கென்று உள்ள கருவிகளில் ‘ஐ3பிளாக்ஸ்’ என்பது எனக்கு மிகவும் உவப்பானது. ஏனெனில், அதற்கென்று சொந்த ஞானம் எதுவுமில்லை. நாம் எழுதிக் கொடுக்கும் எந்தச் சிறு நிரலையும் குறித்த வினாடிக்கொரு முறை ஓட்டி, அது அச்சிடும் முதல் வரியைப் பட்டையில் இட்டு, நிரல் 33 என்ற எண்ணோடு முடிந்தால் அதனை அவசரக் குறிப்பாக்கி, அத்துடன் தன் கடமை தீர்ந்ததென்று இருந்துவிடும். பேட்டரி, நேரம் என்று சேர்த்துக்கொண்டே போன நான், எண்ணூர்ப் பக்கத்துக் காற்றின் வேகத்தையும் சேர்த்தபோதுதான், துறைமுகத்துப் புயல் கூண்டு நினைவுக்கு வந்தது.

1864-ஆம் ஆண்டுப் புயலில் கல்கத்தா பட்ட பேரிழப்புக்குப் பின், மறு வருஷமே அத்துறைமுகத்தில் தொடங்கிய எச்சரிக்கை முறை, காலக்கிரமத்தில் தேசத்தின் மற்றத் துறைமுகங்களுக்கும் பரவி, பகலில் கூம்பும் உருளையுமாக, இரவில் செவ்விளக்கும் வெள்விளக்குமாகக் கம்பம் ஏறலாயிற்று. ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருந்த, துறைமுக உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்து, அந்தக் கூண்டுகளின் எண்களைச் சிறுவர்களாகிய எங்களை வாய்ப்பாடு போல ஒப்பிக்கச் செய்வார். ஒன்று, தூரக்கடலில் தாழ்வு மண்டலம், பத்து, மகா அபாயம், அவ்வளவுதான் என்று எழுந்தால், “குந்து நைனா, பதினொண்ணை யாரு சொல்றது?” என்பார். பத்தையும் மிஞ்சிய புயல் எதுவோ என்று நாங்கள் விழிப்போம். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆயினும் மோசமான வானிலைக்கு இடமுண்டென்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். “பத்துன்னா புயல் எங்க கீதுன்னு தெரியும், பதினொண்ணுன்னா அதுவும் தெரியாது. அதான் பெருசு” என்று முடிப்பார்.

லினக்ஸிலும் 11 என்றொரு சமிக்ஞை உண்டு. தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தீண்டிய நிரலுக்குக் கெர்னல் அனுப்புவது. பெரும்பாலும் அந்நிரலின் ஆயுள் அத்துடன் முடியும். தற்செயலான இவ்வொற்றுமையில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நாம் அமைக்கும் பட்டைகளிலோ, துறைமுகத்தைப் போலப் பதினோராம் எண் இருப்பதில்லை. இணையம் போன வேளையில் நிரல் ஒன்றும் அச்சிடாமல் முடிந்தால், பட்டையில் அதன் இடமே மறைந்து, பார்ப்பவருக்கு யாவும் க்ஷேமமென்றே தோன்றும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரையேறியபோது கைபேசிகள் ஊமையானதைக் கண்ட இவ்வட்டாரத்தார் அப்படி ஏமாற மாட்டார்கள். ஆகவே, நிரல் எழுதும் அன்பர்களே, தகவல் வராத வேளையில் ‘தொடர்பு இல்லை’ என்று அச்சிட்டு, 33-இல் முடியுங்கள். இரண்டு வரிதான் செலவு.