ஆடி, காலை ஏழு, கச்சான்

கரைவலைக் கயிறு இரண்டு இடத்தில் கடலுக்குள் இறங்குகிறது. நடுவே வெறும் மணல். தென்கயிற்றில் பத்துப் பேர், வடகயிற்றில் பன்னிரண்டு பேர். முகம் கடலுக்கு, நடை பின்னுக்கு. குதிகால் புதைகிறது, எழும்புகிறது, புதைகிறது. அடம்பன் கொடிவரை வந்துவிட்ட கடைசி ஆள் கயிற்றை விட்டு ஓடிப்போய் நீர்விளிம்பில் முதல் ஆளாகப் பிடிக்கிறான்.

இறக்கக்கண்டியில் சூரியன் கடலிலிருந்து ஏறுவதால், இந்நேரம் எல்லோரும் கறுப்புக் கோடுகள். சட்டையின் நிறம் தெரியவில்லை. சட்டைக்குள் புகுந்த காற்றுத் தெரிகிறது. முதுகில் ஒட்டி, முன்பக்கம் பாய்போலப் புடைத்திருக்கிறது. அலை உடையும்போது துமி கரைக்கு வராமல் கடலுக்கே திரும்பிப் பறக்கிறது. கச்சான் காற்று.

ஓவியர் யூஜேன் பூதேன் நினைவுக்கு வருகிறார். 1824இல் பிரான்சின் ஓன்ஃபிளேர் துறைமுகத்தில் கப்பல்காரர் மகனாகப் பிறந்தவர். சிறுவயதில் தானும் கப்பலில் எடுபிடியாக இருந்தவர். இளைஞன் மோனேயை வெளியே அழைத்துப்போய் வெட்டவெளியில் தீட்டப் பழக்கியவரும் அவர்தான். த்ரூவில் கடற்கரையைச் சின்னச் சின்னப் பலகைகளில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பெரும்பகுதி வானம். அடியில் ஒரு வரி மனிதர்கள்: குடைப்பாவாடைச் சீமாட்டிகள், நாற்காலிகள், எங்கோ ஒரு நாய். முகமென்று பார்த்தால் ஒரு பொட்டு வண்ணம். பாவாடை ஓரத்திலும் கொடித்துணியிலும் காற்று மட்டும் துல்லியம்.

வண்ணக்கட்டியால் அவர் வரைந்த வானங்களின் ஓரத்தில் நாள், நேரம், காற்று எல்லாம் குறித்திருந்ததை 1859இல் கவிஞர் போதலேர் கண்டு எழுதினார். குறிப்பைக் கையால் மறைத்தாலும் படமே அவற்றைச் சொல்லிவிடும் என்பது அவர் வியப்பு. என் கொப்பியின் ஓரத்திலும் அப்படி ஒரு வரி எழுதிவைத்திருக்கிறேன். மறைத்தால் என் எழுத்து எதையும் சொல்லாது.

நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நடந்து வருகிறது. பெண்ணின் தொப்பி பறக்கிறது, கடலை நோக்கி. வடகயிற்றில் ஒருவன் கையை விடாமல், காலை மட்டும் நீட்டி, தொப்பியை மிதித்து நிறுத்துகிறான். அவள் குனிந்து எடுக்கிறாள். அவன் காலை எடுத்து மறுபடி குதியை மணலில் ஊன்றுகிறான். ஒரு சொல் இல்லை.

1867இல் பிரான்சின் பிரித்தானிப் பகுதி உழைப்பாளிகளிடையே இருந்து திரும்பிய பூதேனுக்குத் த்ரூவில் கூட்டம் மாறுவேடக் கூத்தாகத் தெரிந்ததாம். அதை வரைவதே கூச்சமென்று கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு, அவர்களுக்கும் படத்தில் இடமுண்டு என்று நியாயமும் சொன்னார். படம் வாங்குகிறவர்கள் அவர்கள்தானே! இங்கே இருந்திருந்தால் தொப்பிக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருப்பார். அந்தக் காலையும் விட்டிருக்கமாட்டார்.

இரண்டு அணியும் நெருங்கிவிட்டன. வெயில் ஏறிச் சட்டைகளுக்கு நிறம் வந்துவிட்டது: ஒரு நீலம், ஒரு வெளிறிய பச்சை.

"வாப்பா, மடி!"

பையன் இடுப்பளவு தண்ணீரில் குதிக்கிறான். காகங்கள் இறங்குகின்றன. மடியில் சூடை, கொஞ்சம் கீரி, கை வைக்கமுடியாதபடி சொறி. சம்மாட்டி மீனை ஒருமுறைதான் பார்க்கிறார். பிறகு வாடிக்குப் பின்னால் நிற்கும் பனையை அண்ணாந்து பார்க்கிறார். ஓலை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெல்ல, மறுபக்கம் சாய்கிறது.

மணி பத்து. ஓரத்தில் எழுதியிருந்த 'கச்சா'னை அடிக்கிறேன்.