பழைய நாணயத்தாள் சேகரித்தல்

பொழுதுபோக்கு பற்றிக் கட்டுரை கேட்டால் உங்களில் அநேகர் முத்திரை சேகரித்தலையே எழுதுகிறீர்கள். நான் சேகரிப்பது இலங்கையின் பழைய நாணயத்தாள்கள்.

எமது நாட்டில் அரசாங்கம் ரூபா நாணயத்தாள் வெளியிடத் தொடங்கியது 1885இல். அதற்கு முன்னர் தனியார் வங்கிகளின் தாள்கள் புழங்கின. கோப்பிச் செய்கை வீழ்ந்த காலத்தில், 1884இல், ஓரியன்டல் வங்கி முறிந்தது. அதன் தாள்களுக்கு அரசு பொறுப்பேற்கும் என அறிவித்தவர் ஆளுநர் ஆதர் கோர்டன். நமது ஊவா மாகாணம் 1886இல் உருவானதும் அவர் காலத்தில்தான்.

எனக்கு மிகப் பிடித்தது 1942ஆம் ஆண்டின் ஐந்து சதத் தாள். யுத்தகாலச் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக அச்சிட்டார்கள். நடுவிலுள்ள துளைவரிசையில் கிழித்தால் இரண்டு சதமும் மூன்று சதமுமாகப் பிரியும்! கிழிபடாத தாள் கிடைப்பது அரிது.

1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் என்.எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக்கினார். கறுப்புப் பணத்தை வெளிக்கொணர்வதே நோக்கம். சில நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். பதுளை நகரத்தாருக்கு அது இலகு. வங்கிக் கணக்கே இல்லாத தோட்டத்து லயத்தில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

பசறைப் பக்கத்து மாணவி ஒருத்தி, தன் அப்பாயியின் ட்ரங்குப் பெட்டியிலிருந்து நான்கு ஐம்பது ரூபாத் தாள்களை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். தாத்தா எவருக்கும் சொல்லாமல் சேலை மடிப்புக்குள் வைத்த பணம். கண்டெடுத்தபோது காலக்கெடு முடிந்து பல மாதங்கள். ஐக்கிய அமெரிக்காவில் 1861 முதல் வெளிவந்த தாள்கள் இன்றும் செல்லும். சேகரிப்போர் வாங்காவிட்டாலும் அவற்றின் முகப்பெறுமதியாவது மிஞ்சும். இந்த நான்குக்கும் அதுவும் இல்லை.

"விற்கலாமா சேர்?" என்று கேட்டாள். எட்டாக மடித்து, ஓரம் பூச்சி அரித்த தாளுக்குப் பெரிய விலை வராது என்று உள்ளதைச் சொன்னேன். உங்கள் வீட்டில் இப்படி ஏதும் இருந்தால் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், பசைநாடா ஒட்டாதீர்கள். அழுக்கைவிட அவைதான் விலையைக் குறைக்கும்.

மறுநாள் அப்பாயியே நேரில் வந்து தாள்களைக் கேட்டு வாங்கினார். "விலைக்கு இல்ல சேர். அவரு கைப்பட மடிச்சது" என்றார். நான் விரித்து வைத்திருந்ததை அதே மடிப்பில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

எனது சேகரிப்பில் 1970க்கு முந்திய ஐம்பது ரூபாத் தாள் இன்னும் இல்லை.