விருந்துவழங்கி

மரத்தைத் தின்பது என்றால் ஊரில் எங்களுக்குக் கறையான்தான். நோர்வேக்கு வந்து மர ஆலையில் நின்ற பிறகுதான், இங்கே அந்த வேலையைப் பங்கசு செய்கிறது என்று கண்டோம். நத்தாருக்கு வீடுகளில் வைக்கும் கிரான் மரத்தை அறுக்கும்போது சில கட்டைகளின் நடு வட்டம் செம்மண் நிறமாக இருக்கும். முற்றினால் விரலால் குத்தலாம். வெளியே பட்டையில் ஒரு குறையும் தெரியாது. நிறம் மட்டும் மாறியது பலெட் அடிக்கப் போகும், நொந்தது எரிக்கப் போகும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிற ஒருவர், வெளிநாட்டவர்களைப் பற்றிப் பேசும்போது 'ஸ்னில்தர்' என்றார். ஒட்டுண்ணி என்று பொருள். சம்பளத்தில் எவ்வளவு வரி வெட்டுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், இருந்தும் பேசாமல் சாப்பிட்டோம். சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. நூல்நிலையத்தில் படம் போட்ட பங்கசுப் புத்தகம் ஒன்றை எடுத்து, அகராதியோடு இரண்டு கிழமை மல்லுக்கட்டினோம்.

நாங்கள் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். ஆனாலும் ஒட்டுண்ணி தங்குகிற உயிரை 'விருந்துவழங்கி' என்று படித்தது மறக்கவில்லை. விருந்துவழங்கியைத் தெரிவு செய்வதில் இந்தப் பங்கசுகள், மாப்பிள்ளை பார்க்கிற எங்கள் பெரியவர்களை விடப் பிடிவாதம்! கிரானைக் கெடுக்கும் பங்கசை முன்பு ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 1978இல் பின்லாந்துக்காரரான காரி கோர்கொனென் அது ஒன்றல்ல என்று காட்டினார். ஒன்று பெரும்பாலும் கிரானோடு நிற்கும். மற்றது பைனையும் வேறு பல மரங்களையும் பிடிக்கும். 1998இல் தனிப் பெயரும் வைத்தார்கள். கிரானில் அது நடுத்தண்டைத் தின்றபடி மரத்தைப் பல ஆண்டுகள் உயிரோடு விட்டுவைக்கும். பைனிலோ வேரைக் கொன்று இளமரத்தையே சாய்த்துவிடும்.

அது பரவும் வழிதான் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. புதிதாக வெட்டிய குற்றியில் காற்றில் வரும் வித்தி விழுகிறது. பிறகு வேரும் வேரும் தொடும் இடத்தால் பக்கத்து மரத்துக்குள் போகிறது. கதவைத் திறந்து கொடுப்பது மரம் வெட்டுகிற மனிதன். கடும் குளிரில் வித்தி பறப்பது குறைவு என்பதால் கோடையில் வெட்டுவதுதான் ஆபத்து. அதற்காக அப்போது குற்றியின் மேல் இன்னொரு பங்கசின் வித்தியைத் தெளிக்கிறார்கள். நல்ல மரத்துக்குத் தீங்கு செய்யாத இனம் அது. பஸ்ஸில் லேஞ்சி போட்டு சீற் பிடிப்பது போல, குற்றியை முதலில் பிடித்துவிடும்.

வெள்ளைப் பட்டை பியோர்க் மரத்தில் தட்டுப் போலத் தள்ளி நிற்கும் காளான் வேறு மரத்துக்குப் போவதில்லை. தளர்ந்த மரத்துக்குள் புகுந்து, செத்த பிறகும் தின்று அதை மண்ணாக்கும். அதற்குப் பக்கத்தில் ஒட்டுண்ணி, அழுகல்வளரி என்ற இரண்டு சொல்லும் போட்டிருந்தது. குளம்பு போன்ற இன்னொரு காளான் நோர்வேயில் பெரும்பாலும் பியோர்க்கில் வளர்கிறது, டென்மார்க்கிலோ பீச் மரத்தில். நாடு மாற மரமும் மாறுகிறது. 1991இல் ஆல்ப்ஸ் பனிக்குள் கிடந்து எடுத்த, 5,000 ஆண்டுக்கு முற்பட்ட மனிதனிடம் இந்த இரண்டு காளானும் இருந்தன. குளம்புக் காளான் நெருப்பு மூட்ட உதவும்.

புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். 'ஸ்னில்தர்' என்றவர்தான் முதலில் எடுத்துப் புரட்டினார். பியோர்க் காளானின் படத்தில் விரலை வைத்து, தன் பாட்டனார் இதில்தான் சவரக்கத்தி தீட்டுவார் என்றார்.