மாமாவுக்கு ஏற்ற காய்

"சிறுநீரகத்துக்கு நல்லது" என்று யாராவது ஒரு காயைச் சொன்னால், "எந்தக் கோளாறுக்கு?" என்று இப்போது நான் கேட்டு விடுகிறேன். இதை நான் கற்றுக்கொண்டது என் மாமனாரின் உடம்பைப் பணயம் வைத்து. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஊர் படாளம். மாமா இங்குள்ள சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்டவர். இருபது வருஷமாக நீரிழிவு. போன வருஷம் கால் வீங்கியது. செங்கல்பட்டில் டாக்டரிடம் காட்டினோம். சிறுநீரகம் பழுதாகி வருகிறது, கிரியேட்டினின் 3.4, உப்பைக் குறையுங்கள் என்றார். மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை, அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை. "வாழைத்தண்டுச் சாறு கொடுங்க அண்ணி, மளமளன்னு சரியாயிடும்" என்றாள் நாத்தனார். கொல்லையிலேயே வாழையும் முருங்கையும் இருக்கின்றன. செலவில்லாத வைத்தியம்! காலையில் தண்டுச் சாறு, பதினோரு மணிக்கு இளநீர், மத்தியானம் முருங்கைக்கீரை. உப்புக்குப் பதிலாக, கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு. மூன்று வாரம் இப்படி நடந்தது. மாமாவும் மருமகள் கைராசி என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார்.

மறுபடி ரத்தம் எடுத்தபோது பொட்டாசியம் 6.2! ஐந்தை ஒட்டி இருக்க வேண்டியதாம். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"வாழைத்தண்டு கல்லுக்குச் சொல்ற வைத்தியம்மா. இவருக்குக் கல்லே இல்லையே! பொட்டாசியத்தை வெளியே தள்ள இவரோட சிறுநீரகத்தால முடியல. நீங்க தினமும் உள்ளே ஊத்திட்டு இருந்திருக்கீங்க. அது ஏறினா இதயமே நின்னுடும்" என்றார் டாக்டர். அந்த உப்பிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறதாம். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது.

இப்போது கூட்டு ரோடு கடையில் என் பை வேறு மாதிரி நிறைகிறது. சுரைக்காய், புடலை, பீர்க்கு, கோவைக்காய், சௌசௌ, முட்டைக்கோஸ். உருளை, சேனை, வாழைக்காய், கீரை பக்கம் போவதில்லை. தக்காளியும் கொஞ்சமாகத்தான். நூறு கிராம் உருளைக்கிழங்கில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம். சுரைக்காயில் அதில் பாதிகூட இல்லை. (பொட்டாசியம் ஏறாதவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டியிராதாம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

எனக்குக் கஷ்டமாக இருந்தது காயை மாற்றியதல்ல, தண்ணீரைக் கொட்டியதுதான். காய் வெந்த நீரில்தான் சத்து, அதை ரசத்தில் ஊற்று என்று அம்மா சொல்லி வளர்ந்தவள் நான். இப்போது காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்து, அந்த நீரை வாழைக்குக் கொட்டுகிறேன். பொட்டாசியம் முழுக்கப் போகாவிட்டாலும் நன்றாகக் குறைந்துவிடுகிறது. சப்பென்றிருக்கும் காய்க்கு மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துத் தூவி, பூண்டு தாளித்தால் உப்புக் குறைவு தெரிவதில்லை. இதற்கு மட்டும் மாமாவிடம் பாராட்டு உண்டு.

முருங்கைக்கீரையை அக்கம்பக்கத்துக்குப் பறித்துக் கொடுக்கும்போதெல்லாம் திண்ணையிலிருந்து, "எனக்கு ஒரு பிடி கூடக் கிடையாதாம்மா?" என்பார். போன மாதம் பொட்டாசியம் 4.7. டாக்டரிடம் பயந்துகொண்டே கேட்டேன். "நல்லா வேகவெச்சு வடிச்சிட்டு, எப்பவாவது ஒரே ஒரு கரண்டி" என்றார்.

அன்று மத்தியானம் தட்டில் வைத்த கீரையைப் பார்த்துவிட்டு மாமா கேட்டார்: "ஏம்மா, இது சாப்பிடறதுக்கா, நெத்தியில பொட்டு வெச்சுக்கறதுக்கா?"