பார்க்கட்டும், தொட வேண்டாம்

கொக்காவில் என்று தேடினால் கொக்காவில் வரவில்லை.

கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே போனால், மாங்குளம் தாண்டி வரும் இடம் அது. இந்த வீதி நெடுகவும் அதிலிருந்து பிரியும் வீதிகளிலும் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு சேவைக்காகச் செயலி எழுதிக்கொண்டிருந்தேன். சாரதி தான் இறக்க வேண்டிய ஊரைத் தட்டெழுதித் தேட வேண்டும். ஓமந்தை வந்தது, புளியங்குளம் வந்தது, நெடுங்கேணி வந்தது. கொக்காவில் வரவில்லை, கொக்கிளாயும் வரவில்லை, கொக்குத்தொடுவாயும் வரவில்லை. பட்டியலைத் திறந்து பார்த்தால் மூன்றும் கண்முன்னே இருந்தன.

இரண்டு மணித்தியாலம் போன பிறகுதான் பிடிபட்டது. ஒருங்குறியில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரத்துக்கென்று உள்ள ஒரே குறியை வைக்கலாம். அல்லது கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைக்கலாம். யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். திரையில் இரண்டுக்கும் ஒரே முகம். எங்களுக்குக் கிடைத்த ஊர்ப் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் கொம்புக்கு ஒரு விசை, காலுக்கு இன்னொரு விசை. மாற்றிக் கொடுத்த கருவி அந்தத் துண்டுகளை அப்படியே ஒருங்குறிக்குள் கொண்டுவந்து விட்டது. சாரதியின் கைபேசி விசைப்பலகையோ ஒற்றைக் குறியை இடுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு கொக்காவில்கள் கணினிக்கு வெவ்வேறு ஊர்கள்.

இப்படிப்பட்ட பிழையை மனிதக் கண் பிடிக்காது, இயந்திரம்தான் பிடிக்க வேண்டும். அன்றைக்குத்தான் என் முதல் ஹூக்கை எழுதினேன்.

நிரலின் மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் கருவி கிட். அதோடு பழகாதவர்களுக்கு ஒரு சொல். எழுதிய நிரலை ஒரு கொமிட்டாகப் பதிவதற்குச் சற்று முன்னும், பதிந்ததைச் சேவையகத்துக்குத் தள்ளுவதற்குச் சற்று முன்னும், நாங்கள் வைத்த ஸ்கிரிப்டை கிட் தானாக ஓடவிடும். இவைதான் ஹூக்குகள். ப்ரீ-கொமிட், ப்ரீ-புஷ் என்று அவற்றுக்குப் பெயர். ஸ்கிரிப்ட் பூச்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால் வேலை தொடரும். வேறு எந்த எண்ணைக் கொடுத்தாலும் அந்த இடத்திலேயே நிற்கும். இவ்வளவுதான் ஒப்பந்தம். ஸ்கிரிப்டுக்குள் என்ன எழுதலாம் என்பதற்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை. கோப்புகளை அழிக்கலாம், இணையத்துக்கு அனுப்பலாம், தரவுத்தளத்தைத் திறக்கலாம். உங்கள் கணக்குக்கு இருக்கும் அதிகாரம் அத்தனையும் அதற்கும் உண்டு. இதன் கனம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

என் முதல் ஹூக் பிழையைக் கண்டால் அதுவே திருத்தியது. இரட்டைக் குறிகளை ஒற்றைக் குறியாக்கியது. அதுவரை சரி. அதோடு நிற்காமல் ஔகாரத்தையும் திருத்தப் போனேன். பூநகரிப் பக்கம் கௌதாரிமுனை இருக்கிறது. அதைப் பலர் கொம்பு இட்டு, பக்கத்தில் ளகரத்தை எழுதி முடிக்கிறார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. கொம்புக்குப் பின்னால் ளகரம் வந்தால் ஔகாரமாக மாற்று என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

அடுத்த நாள் வவுனியாவின் வெளிக்குளம் உடைந்து கிடந்தது. வகரத்தின் மேல் ஔகாரமும் இகரமும் ஒன்றாக ஏறி, நடுவில் புள்ளி வட்டமொன்று தெரிந்தது. ‘வெளி’யிலும் ‘தெளிவு’விலும் கொம்புக்குப் பின்னால் வருவது உண்மையான ளகரம் அல்லவா? எது எழுத்து, எது குறி என்று தமிழ் தெரிந்தவருக்குத்தான் தெரியும். ஒருங்குறியின் இயல்பாக்க விதி ‘கொ’வை ஒழுங்குபடுத்தும், ளகர மயக்கத்தைத் தொடாது. விதியை வகுத்தவர்கள் அங்கே நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. நான் நிறுத்தவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டேன். திருத்துகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை.

கிட்டில் ஒரு கோப்பின் மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொமிட் செய்ய வேண்டியதில்லை. வேண்டிய வரிகளை மட்டும் தெரிந்து ஸ்டேஜ் பண்ணலாம். மிச்சம் மேசையில் இருக்கும். அன்றிரவு அமைப்புக் கோப்பு ஒன்றில் இரண்டு மாற்றம் செய்திருந்தேன். ஒன்று, பற்றுச்சீட்டின் தமிழ்த் தலைப்பு. மற்றது, வாடிக்கையாளரின் தரவுத்தளக் கடவுச்சொல். ஒரு பிழையைத் தேடுவதற்காகத் தற்காலிகமாக அங்கேயே எழுதியிருந்தேன். எழுதும்போதே பிழை என்று தெரியும். அதனால்தான் தலைப்பை மட்டும் கவனமாகத் தெரிந்து ஸ்டேஜ் பண்ணினேன். கொமிட் கொடுத்தேன். ஹூக் ஓடியது. தலைப்பில் ஒரு ‘கொ’ இரண்டாக இருந்ததைக் கண்டது, திருத்தியது, பின்பு திருத்திய கோப்பை முழுதாக எடுத்து மீண்டும் ஸ்டேஜில் வைத்தது. நான் வேண்டுமென்றே விட்டுவைத்த வரியும் அதோடு ஏறிவிட்டது.

கைபேசி ஹொட்ஸ்பொட்டில் தள்ளிவிட்டுப் படுத்தேன். விடியத் தேநீரோடு நேற்றைய கொமிட்டை வாசித்தபோதுதான் கடவுச்சொல்லைக் கண்டேன். வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது மாதிரி இருந்தது.

நிரல் இருக்கும் கிட் களஞ்சியம் பொதுவில் இருக்கவில்லை. பார்க்கக்கூடியவர்கள் ஆறு பேர்தான். ஆனாலும் தள்ளின பிறகு அது என் வீட்டுச் சாமான் அல்ல. வரலாற்றைத் திருத்தி எழுதினாலும் ஏற்கனவே இழுத்தவர்களின் கணினியில் அந்த வரி இருக்கும். செய்யக்கூடியது ஒன்றுதான்: கடவுச்சொல்லையே மாற்றுவது. எட்டு மணிக்கு முன் வாடிக்கையாளரை அழைத்து, நடந்ததைச் சொல்லி, மாற்றினேன். இது சிறிய ஊரின் சிறிய கதை. டொயோட்டாவின் வாகன இணைப்புச் சேவையின் நிரலில் ஒரு பகுதியை ஒப்பந்த நிறுவனமொன்று 2017 டிசம்பரில் கிட்ஹப்பில் பொதுவில் ஏற்ற, அதற்குள் ஓர் அணுகல் சாவி இருந்ததைக் கண்டுபிடித்தது 2022 செப்டெம்பரில். 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருக்கக்கூடும் என்று டொயோட்டாவே அறிவித்தது. ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை காலமும் அந்த வரி எல்லோருக்கும் முன்னால் இருந்தது.

என் கதையில் என்னை இன்றுவரை உறுத்துவது வேறு. கசிவைத் தடுக்க வேண்டிய இடத்தில் நின்ற ஸ்கிரிப்ட்தான் கசிய விட்டது. அது இல்லாதிருந்தால் அந்த வரி என் மேசையை விட்டுப் போயிருக்காது.

அதற்குப் பிறகு என் ஹூக்குகள் எதையும் எழுதுவதில்லை. பார்க்கும், சொல்லும், நிறுத்தும். கோப்பின் பெயர், வரி எண், கண்ட குறை இவை மட்டும் திரையில் வரும், திருத்துவது நான். திருத்துகிற ஸ்கிரிப்டும் என்னிடம் உண்டு, ஆனால் அதைக் கையால்தான் கூப்பிட வேண்டும், கூப்பிட்ட பின் என்ன மாறியது என்று வாசித்த பிறகே ஸ்டேஜ் பண்ணுவேன்.

எதைப் பார்க்கிறது என்பதும் மாறியது. முதலில் மேசையில் கிடக்கும் கோப்பைத்தான் சோதித்தேன். அது போகப் போகிற சாமான் அல்ல. ஸ்டேஜில் பிழையான வரி இருக்க, மேசையில் அதைத் திருத்தியிருந்தால், சோதனை ‘சரி’ என்று சொல்லும், பிழை போய்ச் சேரும். இப்போது ஸ்டேஜில் இருப்பதை மட்டும் ‘செக்கவுட்-இன்டெக்ஸ்’ கட்டளையால் ஒரு தற்காலிகக் கோப்புறைக்கு இறக்கி, அங்கே வைத்துப் பார்க்கிறேன். லொறி புறப்பட முன் ஏற்றின மூட்டையை எண்ண வேண்டும். களஞ்சிய அறையில் நிற்பதை எண்ணி என்ன பயன்?

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு குழியைச் சொல்ல வேண்டும். கோப்புக்கு ‘ஊர்கள்’ என்று தமிழில் பெயர் வைத்தால், மாறிய கோப்புகளின் பட்டியலைக் கேட்கும்போது கிட் அந்தப் பெயரை அப்படியே தராது. மேற்கோள் குறிக்குள் 340, 256 என்று எட்டடிமான எண்களாகத் தரும். என் ஸ்கிரிப்ட் பெயரின் கடைசியில் கோப்பு வகையைத் தேடியது. கடைசியில் நின்றது மேற்கோள் குறி. ஆகவே தமிழ்ப் பெயருள்ள கோப்புகளை எல்லாம் அது சத்தமில்லாமல் தாண்டிப் போனது, பின் ‘எல்லாம் சரி’ என்றது. தமிழைச் சோதிக்க எழுதிய ஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயர்களைப் பார்க்காமலே மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது. பெயர்களை உள்ளபடியே, பூச்சிய பைட்டால் பிரித்துத் தரும் ‘இஸெட்’ தெரிவைச் சேர்த்ததும் தீர்ந்தது. அன்று முதல் புது ஹூக் எழுதினால் முதல் வேலையாக அதற்குப் பிழையான கோப்பு ஒன்றைக் கொடுத்து, நிறுத்துகிறதா என்று பார்ப்பேன். நிறுத்தத் தெரியாத சோதனை இருக்கிறதிலும் பார்க்க இல்லாமல் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் நானாவது கவனமாக இருப்பேன்.

இன்னொன்று. ஹூக் ஓடும்போது ‘நீ இந்தக் களஞ்சியத்தில்தான் நிற்கிறாய்’ என்று சொல்லும் சூழல் மாறிகளைக் கிட் அதன் கையில் கொடுத்து அனுப்புகிறது. ஹூக்குக்குள்ளிருந்து வேறொரு களஞ்சியத்தில் வேலை செய்யப் போனால், அந்த மாறிகள் பழைய இடத்தையே காட்டும். சோதனைக்காக நான் உருவாக்கிய பொய்க் களஞ்சியத்தின் கொமிட் ஒன்று ஒரு நாள் என் உண்மையான கிளையில் வந்து குந்தியிருந்தது. அப்படி வெளியே போகுமுன் அவற்றை நீக்கிவிடும்படி கிட்டின் ஆவணமே சொல்கிறது. நான் அடிபட்ட பிறகுதான் வாசித்தேன்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. ப்ரீ-கொமிட் இரண்டு மூன்று செக்கனில் முடிய வேண்டும். நீண்டால் ‘நோ-வெரிஃபை’ என்று தட்டித் தாண்டப் பழகிவிடுவோம். அவசரத்தில் தாண்டுகிற நாளில்தான் பிழை இருக்கும். நீளமான சோதனைகளைப் ப்ரீ-புஷ்ஷில் வைத்திருக்கிறேன். இணையத்தை இரண்டும் தொடாது. எங்கள் பக்கம் மழைக்குச் சிக்னல் போனால் ஹூக் பதிலுக்காகக் காத்து நிற்கும், அதற்குள் கரண்டும் போய்விடும். தாண்ட முடியாத சோதனை வேண்டுமென்றால் அது சேவையகத்தில் இருக்க வேண்டும். என் கணினியில் இருப்பது எனக்கு நானே வைத்துக்கொண்டது.

ஒரு களஞ்சியத்தை இன்னொரு கணினிக்கு குளோன் செய்து எடுத்தால் அதன் ஹூக்குகள் கூட வருவதில்லை. முன்பு இது குறை என்று நினைத்திருந்தேன். இது ஒரு வேலி. வருமென்றால், முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை எடுத்து ஒரு கொமிட் செய்தவுடனே, அவருடைய ஸ்கிரிப்ட் என் அதிகாரத்தோடு என் கணினியில் ஓடும். 2024 மே மாதம் திருத்தப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறை இந்த வேலியில் இருந்த ஓட்டைதான்: பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத கோப்பு முறைகளில், உள்களஞ்சியங்களோடு குளோன் செய்யும்போதே ஹூக் ஒன்றைப் புகுத்தி ஓட்ட முடிந்தது. கிட்டின் 2.45.1 பதிப்பில் அடைத்தார்கள்.

வேலிக்கு மேலால் நாங்களே தூக்கிக் கொடுக்கிற வழி ஒன்றும் இருக்கிறது: பென் ட்ரைவ். டேட்டாவை மிச்சம் பிடிக்க இங்கே பிள்ளைகள் களஞ்சியக் கோப்புறையை முழுதாகப் பிரதி பண்ணிக் கைமாற்றுகிறார்கள். அதற்குள் மறைந்திருக்கும் கிட் கோப்புறையும், அதிலுள்ள ஹூக்குகளும் அமைப்புகளும் அப்படியே வரும். வேறொருவருக்கு உரிமையான களஞ்சியத்தை நம்ப மறுக்கும் காப்பு 2022 ஏப்ரலில் கிட்டில் வந்தது. ஆனால் என் வன்தட்டில் நான் பிரதி பண்ணினால் உரிமையாளர் நானே ஆகிவிடுவேன், காப்பு பேசாமல் இருக்கும். ஆகவே ‘கிட் பண்டில்’ செய்து கொடுங்கள் என்கிறேன். வரலாறு முழுவதும் ஒரே கோப்பாக வரும். அதற்குள் ஹூக் இருக்காது. பெறுகிறவர் அதிலிருந்து குளோன் எடுத்துக்கொள்ளலாம்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி விடுமுறைகளில் என்னோடு இருந்து வேலை பழகுகிறாள். பண்டிலிலிருந்து குளோன் எடுத்த பிறகு, ஹூக் கோப்பைத் தனியாகக் கொடுத்து, முழுதாக வாசித்த பின்பே தன் களஞ்சியத்தில் வைக்கச் சொன்னேன். அறுபது வரிதான். வாசித்து, தன் களஞ்சியத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, பிழை எங்க இருக்கெண்டு இதுக்குத் தெரியுதுதானே. பிறகேன் இதுவே திருத்தக்கூடாது?”

“ஊர்ப் பட்டியலில கௌதாரிமுனையைச் சேர்த்துப் பாருங்கோ.”

சேர்த்தாள், கொமிட் கொடுத்தாள். நின்றது. 41ஆம் வரியில் கொம்புக்குப் பின் ளகரம், பார்க்கவும் என்று வந்தது. திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சுட்டியை எழுத்துக்குப் பின்னால் வைத்து, அழிப்பு விசையை ஒரு தரம் தட்டினாள். ளகரம் மட்டும் போய், ‘கெ’ தனியாக நின்றது.

“ஓ” என்றாள்.

அதே பட்டியலில் மூன்று வரி கீழே வெளிக்குளம் இருந்தது. அதையும் ஹூக் காட்டியிருந்தது. அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அதைத் தொடாமல், ஹூக் தாண்டிப் போகலாம் என்று நாங்கள் சரிபார்த்த சொற்களின் பட்டியலைத் திறந்து, வெளிக்குளத்தை அதில் தன் கையால் எழுதினாள்.