35,000 ரூபாயும் ஒரு லேபிளும்



நேற்று காலை பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவர். இப்போது அவர் மகனே பத்தாம் வகுப்பு முடித்துவிட்டானாம். "சார், பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேக்கிறான். கையில நாப்பதாயிரத்துக்கு மேல இல்ல. கடைக்காரர் சொல்றது ஒண்ணும் புரியல. உங்க பேரனுக்கு வாங்கிக் குடுத்தீங்களாமே, என்ன சார் பண்ணலாம்?" என்றார்.

அரை மணி நேரம் பேசினேன். வைத்த பிறகுதான், சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை என்று தோன்றியது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 மே மாதம் பேரன் பிளஸ் டூ தேறினான். தேறினால் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக அவன் அப்பா சொல்லியிருந்தார். ஆனால் அந்த ஆண்டு மருமகன் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு. வேலை போய்விட்டது. பையன் கம்ப்யூட்டர் என்ற வார்த்தையையே அதன் பிறகு எடுக்கவில்லை. கேட்டு அடம் பிடித்திருந்தால் அதட்டியிருப்பேன். கேட்காமல் இருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கல்லூரிக் கட்டணம் போக என்னிடம் மிஞ்சியது 35,000 ரூபாய். "இதுக்குள்ள முடியுமாடா?" என்றேன். "முடியும் தாத்தா, ஆனா யோசிச்சு வாங்கணும்" என்றான். உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தான். அதில் நான்கு பத்தி போட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று கடை விலை எழுதியிருந்தான். வீட்டில் வேலை இருந்த நாளிலேயே தொடங்கிய நோட்டு அது. தலைப்பில் முதலில் 80,000 என்று எழுதி அடித்து, 60,000 என்று எழுதி அடித்து, பிறகு ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான்.

உறவினர்களில் சிலர் அப்போது என்னைக் கடிந்துகொண்டீர்கள். "பி.காம். சேரப்போற பையனுக்கு விளையாட கம்ப்யூட்டரா? வாத்தியார் வீட்டிலேயே இப்படியா?" என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. இதை அந்தப் பதிலாகவும் வைத்துக்கொள்ளலாம்.

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் போய், அங்கிருந்து ஆட்டோவில் ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: அண்ணா சாலைக்குப் பக்கத்தில், சந்துக்குள் சந்தாக எலக்ட்ரானிக்ஸ் கடைகள். ஒரு கடையில் ரெடிமேட் செட் ஒன்று காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வானவில் போல விளக்குகள். "ஐ7 பிராசசர் சார், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, மொத்தம் 31,000" என்றார் கடைக்காரர். எனக்கு உடனே மனம் தாவிவிட்டது. ஐ7! அவன் நோட்டில் இருப்பதோ 'ரைசன் 5'. ஐந்தை விட ஏழு பெரிதுதானே? நாலாயிரம் மிச்சம் வேறு.

பேரன் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேட்டான். "அண்ணா, எந்த ஜெனரேஷன்?"

அது 3770. முதலில் வரும் 3தான் தலைமுறை எண். 2012இல் வெளிவந்தது. அவன் நோட்டில் இருந்த ரைசன் 5 5600ஜி கடைக்கு வந்தது 2021இல். ஒன்பது ஆண்டு இடைவெளி. அந்த 4 ஜிபி கார்டும் அப்படித்தான். ஜிபி என்பது கார்டில் இருக்கும் நினைவகத்தின் அளவு. வேகத்தின் அளவு அல்ல. "பெரிய குடோன் தாத்தா, உள்ள வேலை செய்ற ஆளு ரெண்டு பேருதான்" என்றான்.

அடுத்த கேள்வியை நான் கேட்டேன். "கிராபிக்ஸ் கார்டு இல்லாம கேம் எப்படிடா ஓடும்?" கேம் கம்ப்யூட்டரில் விலை கூடிய பாகம் அதுதான். நல்ல கார்டு வாங்கினால் எங்கள் பணத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். 5600ஜி பிராசசருக்குள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் வசதி இருக்கிறது. எங்கள் வீட்டு டிவி பழைய 32 அங்குலம். அதன் திரையில் 1366 × 768 புள்ளிகள். பெருக்கினால் 10,49,088. முழு எச்டி மானிட்டரில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிட்டு, அதை நொடிக்கு 60 முறை செய்ய வேண்டும். டிவியில் ஓட்டினால் வேலை ஏறக்குறைய பாதி. "மானிட்டர் செலவும் இல்ல, கார்டு செலவும் இல்ல. வேலோரண்ட் நல்லா ஓடும். ஜிடிஏ 5 படத்தரத்தைக் குறைச்சா ஓடும். புது கேம் எல்லாம் பின்னாடி பார்த்துக்கலாம்" என்றான். வீட்டில் பழைய டிவி இருப்பது குறை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் அதையே கணக்கில் வரவாக வைத்திருந்தான்.

ரேமில் ஒரு நுணுக்கம். 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்க வேண்டுமாம். தனிக் கார்டு இல்லாதபோது கிராபிக்ஸுக்கும் இந்த ரேம்தான் நினைவகம். இரண்டு குச்சி இருந்தால் தரவு இரண்டு பாதையில் போய் வரும். ஒரே ஆள் இரண்டு குடம் தண்ணீர் எடுப்பதற்கும் இரண்டு பேர் ஆளுக்கொரு குடம் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது, நேற்று போனில் சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் பட்டியலில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 4,200 ரூபாய் போட்டிருந்தான். மின்சாரத்தை மாற்றி மற்ற பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி அது. அதே கடையில் 900 ரூபாய்க்கும் எஸ்எம்பிஎஸ் இருந்தது. அதன் மேலும் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. "இதுல மூவாயிரம் மிச்சம் பிடிக்கலாமேடா" என்றேன்.

அவன் அந்தப் பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டு லேபிளைக் காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர். இன்றைய கம்ப்யூட்டரில் பெரும்பகுதி சுமை அந்த 12 வோல்ட்டில்தான். "P = VI தாத்தா" என்றான். 12 × 14 = 168 வாட். பெட்டியின் மேல் 450. உள்ளே பயன்படுவது 168.

கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.

2001இல் என் மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். சொசைட்டியில் கடன் எடுத்து அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். பட்ஜெட்டை மீறியதும், 'இது வெறும் கரண்ட் டப்பாதானே' என்று எஸ்எம்பிஎஸ்ஸை மலிவானதாக மாற்றச் சொன்னேன். மிச்சம் பிடித்தது 600 ரூபாய். இறுதியாண்டில் ஒரு நாள் மாலை மின்சாரம் போய் வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே போயின. அவளுடைய புராஜெக்ட் அதில் இருந்தது. ஃப்ளாப்பியில் இருந்தது பாதிதான். மீதியைக் கல்லூரி லேபில் உட்கார்ந்து மறுபடி எழுதி முடித்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் 'கரண்ட் சரியில்லை' என்று மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

33 ஆண்டுகள் அந்தச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதியவன் நான். "இது எங்க சார் பயன்படும்?" என்று கேட்ட மாணவர்களுக்கு "பரீட்சையில் பயன்படும்" என்று பதில் சொன்னவனும் நானே. அந்த டப்பாவிலும் ஒரு லேபிள் இருந்திருக்கும். நான் திருப்பிப் பார்க்கவில்லை.

எஸ்எம்பிஎஸ் நல்லதாகவே வாங்கினோம். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ். அந்த முத்திரை திறனுக்கான சான்று மட்டும்தான் என்பதையும் பேரன்தான் சொன்னான். மின்னழுத்தம் கூடினாலும் ஷார்ட் ஆனாலும் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

எல்லாரும் விலை கேட்பதால் கணக்கைத் தருகிறேன். 2023 ஜூனில் நாங்கள் கொடுத்தது: பிராசசர் 12,000. மதர்போர்டு 6,500 (இந்தப் பிராசசரை ஏற்கும் பயோஸ் அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினோம்). ரேம் 3,600. 500 ஜிபி எஸ்எஸ்டி 2,700. எஸ்எம்பிஎஸ் 4,200. விளக்கில்லாத கேபினெட் 2,500. கீபோர்டும் மவுஸும் 1,300. மொத்தம் 32,800. விலை மாதத்துக்கு மாதம் மாறும். எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை மாறாது.

மீதி 2,200இல் 1,400 எலக்ட்ரீஷியனுக்குப் போனது. வீட்டில் கேபினெட்டைத் தொட்டதும் சுரீர் என்றது. பார்த்தால், எங்கள் பழைய வீட்டுப் பிளக்கில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டை. எர்த் ஒயரே கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

பேரன் ஹாலில் பாய் விரித்து, உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் பூட்டினான். நான் டார்ச் பிடித்தேன். வேலை தேடி அலைந்துவிட்டு வந்த மருமகன் சட்டையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, திருகாணி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மகள் விலை கேட்கவில்லை, என்ன கேம் என்றும் கேட்கவில்லை.

"எஸ்எம்பிஎஸ் நல்லதாப் போட்டியாடா?" என்றாள்.

"தாத்தா நல்லதுதான் வாங்கிக் குடுத்தாரும்மா" என்றான் பையன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். 21 ஆண்டுகள் கழித்து அன்றுதான் அந்த விஷயத்தைப் பற்றி நாங்கள் பேசினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரவு எட்டு முதல் ஒன்பதரை வரை டிவி பாட்டியின் சீரியலுக்கு, மற்ற நேரம் பேரனுக்கு என்று ஒப்பந்தம் ஆனது. மருமகனுக்கு ஐந்து மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. பேரன் விடுமுறை நாட்களில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்து, முதலில் மானிட்டர் வாங்கினான். இந்த ஆண்டு பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றியதும், அதைத் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன என்றும், அதனால் கவனம் வேண்டும் என்றும் சொன்னான். பில்லும் மீதி வாரன்ட்டியும் பார்த்து, அரை மணி நேரம் கேம் ஓடவிட்டுத்தான் பணம் கொடுத்தான். கார்டுக்கு 132 வாட், பிராசசருக்கு 65, மற்றவற்றுக்கு 50 வைத்தாலும் 250க்குள். அதே எஸ்எம்பிஎஸ் தாங்குகிறது.

ஆகவே, போன் செய்த தம்பிக்கு என் பதில் இதுதான். பணம் குறைவாக இருந்தால், பிறகு சேர்த்துக்கொள்ளக்கூடியதை ஒத்திப்போடுங்கள். கெட்டால் மற்றதையும் கெடுக்கும் பொருளில் மிச்சம் பிடிக்காதீர்கள். பையன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து விலை எழுதச் சொல்லுங்கள். அவன் எழுதியதை நீங்கள் உட்கார்ந்து படியுங்கள்.

கணக்கில் பிழை இருந்தால் கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் என் மாணவர்கள் கீழே திருத்துங்கள். சிவப்பு மை இப்போது உங்கள் கையில்தானே இருக்கிறது.

வாழ்க வளமுடன்.